காத்மாண்டு அட்டை

மீராமுகைதீனைக் கடலுக்கு அனுப்பியது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் நீங்களாகக் கண்டுபிடித்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். அவர் என் தங்கை றாஹிலாவின் புருஷன். என் பெயர் அச்சிமுகம்மது, கல்முனையில் ஒரு கந்தோரில் கிளாக்கர். சாய்ந்தமருதில் அந்தப் பெயரைச் சொன்னால் இரண்டு பேருக்குத் தெரியும். ரேடியோ அச்சி என்று கேட்டால் தெருவே வழி காட்டும்.

ரேடியோ எல்லாரும்தான் கேட்டார்கள். கொழும்பைப் போட்டுப் பாட்டுக் கேட்டுவிட்டு மூடிவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரன் கூப்பிட்டால் காதில் விழுவதில் என்ன கெட்டித்தனம்? எனக்குத் தூரத்து நிலையங்கள் வேண்டும். மத்திய அலையில் பகலில் அவை வராது. சூரியன் வரும் நேரத்திலும் போகும் நேரத்திலும் ஒரு அரை மணித்தியாலம் வழி திறக்கும். எங்கோ ஒரு நாட்டில் ஒருவன் கதைப்பது அப்போது என் அறைக்குள் கேட்கும். சுபஹுத் தொழுகையும் மஃரிபுத் தொழுகையும் அதே நேரத்தில்தான் வரும் என்பது என் கஷ்டகாலம். பள்ளியில் என்னைக் காணவில்லையே என்று யாராவது கேட்டால் வயிற்றுவலி என்பேன்.

கேட்டால் மட்டும் போதாது. எந்தத் திகதி, எத்தனை மணி, என்ன இசை, யார் கதைத்தார், எவ்வளவு தெளிவு என்று எழுதி அந்த நிலையத்துக்கே தபாலில் அனுப்ப வேண்டும். அவர்கள் தங்கள் குறிப்போடு ஒத்துப் பார்த்து, நீங்கள் கேட்டது எங்களைத்தான் என்று ஒரு அட்டை அனுப்புவார்கள். என்னிடம் முப்பத்தொரு அட்டை இருந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டைக் கட்டித் தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னால் ஒரு அறையில் நான் தனியாகக் கிடந்தேன். கலியாணம் முடிக்காத எனக்கு அந்த அட்டைகள்தான் பிள்ளை குட்டி.

என் ரேடியோ தோலுறை போட்ட கைப்பெட்டி. ஹஜ்ஜுக்குப் போய் வந்த ஒருவரிடம் வாங்கியது. அதற்குள் ஒரு கறுத்த கோல் படுத்திருக்கும். கோலின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துச் சத்தம் அடங்கிவிடும். எங்களுக்கு மேற்கே கொழும்பு. அதன் சத்தம் பெரிது. பக்கத்தில் இருக்கும் சின்ன நிலையங்களை மூடிவிடும். ஆகவே பெட்டியைத் திருப்பிக் கோலைக் கிழக்கு மேற்காக வைப்பேன். கொழும்பு செத்துவிடும், வடக்கே இருப்பவன் எழும்பி வருவான். இந்த வித்தையில் எனக்கு இருந்த திமிரை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மீராமுகைதீனிடம் மிசின் பூட்டிய தோணி ஒன்று இருந்தது. மாரி காலத்தில் விடியக் கடலுக்குப் போகுமுன் என் யன்னலில் தட்டி, “மச்சான், கொழும்பில என்ன சொல்றான்?” என்று கேட்பார். நான் பெட்டியை அவருக்காகத் திருப்பி, வானிலை அறிவித்தலைக் கேட்டுச் சொல்வேன். வேறு யாரிடமும் கேட்க மாட்டார். தேத்தண்ணிக் கடை ரேடியோவை அவர் மதிப்பதே இல்லை. “அது வெறும் இரைச்சல். எங்கட மச்சான்ட காதுதான் காது” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பர் இருபத்துமூன்றாம் திகதி, வியாழக்கிழமை. அதற்கு முன் ஒரு கிழமையாக நான் காத்மாண்டைத் தேடிக்கொண்டிருந்தேன். விடியும் நேரத்திலும் பொழுதுபடும் நேரத்திலும் வேறெதையும், கொழும்பைக்கூட, கேட்கவில்லை. அன்று விடியும்போது தூறல். பெட்டியில் கடல் பக்கமிருந்து ஒரே படபடப்பு. தூரத்தில் மின்னல் அடித்தால் மத்திய அலையில் அப்படித்தான் கேட்கும். கோலைக் கிழக்கு மேற்காக வைத்தேன். கொழும்பும் போனது, கடலின் படபடப்பும் போனது. ஒரே திருப்பில் இரண்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த அமைதிக்குள் மெல்லியதாக ஒரு இசை வந்தது, பிறகு ஒரு பெண் குரல். இன்னும் கொஞ்சத்தில் நிலையத்தின் பெயரைச் சொல்வாள். அந்தப் பெயரைக் கேட்காவிட்டால் நான் எழுதும் அறிக்கைக்கு மதிப்பில்லை.

யன்னலில் தட்டினார்.

“மச்சான், கொழும்பில என்ன சொல்றான்? காத்து ஒரு மாதிரிக் கிடக்கு.”

காதில் செருகியிருந்ததைக் கழற்றாமலே கையை ஆட்டினேன்.

“ஒண்டும் சொல்லல்ல. போங்க.”

“வடிவாக் கேட்டீங்களா?”

“கேட்டன் எண்டு சொல்றன். சும்மா நிண்டு உயிரை வாங்காதீங்க.”

“சரி சரி, கோவிச்சிராதீங்க” என்று சிரித்துக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் வலையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஆசியா உம்மாவின் மகன் மசூரும் போனான். இருபத்துநாலு வயது, அடுத்த மாதம் அவனுக்குக் கலியாணம். நான் இருவரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குக் காத்மாண்டு தன் பெயரைச் சொன்னது.

அறிக்கையை அழகான கையெழுத்தில் எழுதி, சைக்கிளில் கல்முனைக்குப் போய்த் தபாலில் போட்டேன். எதிரே தேத்தண்ணிக் கடையில் கொழும்பு ரேடியோ கதைத்துக்கொண்டிருந்தது. கிழக்குக் கரைக்குச் சூறாவளி வருகிறதாம், யாரும் கடலுக்குப் போக வேண்டாமாம். “எப்ப தொட்டுச் சொல்றான்?” என்று கடைக்காரரிடம் கேட்டேன். “நேத்துப் பின்னேரத்திலயிருந்து இதைத்தானே சொல்றான். நீங்க ரேடியோக்காரர், உங்களுக்குத் தெரியாதா?” என்றார்.

கடற்கரைக்குச் சைக்கிளை மிதித்தேன். எல்லாத் தோணிகளும் மேலே இழுத்துக் கட்டிக் கிடந்தன. எங்கள் தோணி இருந்த இடத்தில் மண்ணில் கோடு மட்டும் இருந்தது. கடற்கரையில் வேறு யாரும் இல்லாததை அவர் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்திருப்பார், மீன் முழுக்கத் தனக்கென்று. நான் கடலைப் பார்த்து ‘மச்சான், மச்சான்’ என்று கத்தினேன். வெட்கமில்லாமல் கத்தினேன். காற்று அதை என் வாயிலேயே திருப்பித் தந்தது.

பகல் றாஹிலா வாசலில் நின்றாள். “காக்கா, அவர் உங்கக்கிட்ட கேட்டுட்டுத்தானே போனாரு?”

“ஓம்.”

“ரேடியோவில ஒண்டும் சொல்லல்லயா?”

ஒரு மனிதன் உண்மையைச் சொல்ல எத்தனை விநாடி வேண்டும்? எனக்கு அவ்வளவு நேரம் இருந்தது. “நான் கேட்டவரைக்கும் ஒண்டும் சொல்லல்ல” என்றேன்.

பின்னேரம் சூறாவளி வந்தது. அந்த இரவைப் பற்றி இந்தக் கரையில் யாருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விடிந்தபோது விழுந்ததைவிட நிற்கிற தென்னையை எண்ணுவது லேசாக இருந்தது. தபால் கந்தோரின் கூரையும் போயிருந்தது. என் கடிதம் மட்டும் முதல் நாள் காலை பஸ்ஸிலேயே பத்திரமாகப் போய்விட்டது.

மீராமுகைதீனின் மையித்து மூன்றாம் நாள் வினாயகபுரத்தில் ஒதுங்கியது. அங்கத்தைய தமிழ்ச் சனம் சாரத்துக்கு மேல் கட்டியிருந்த அகன்ற இடுப்பு வாரைப் பார்த்து முஸ்லிம் ஆள் என்று அறிந்து, துணி போர்த்தி, எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மசூர் வரவே இல்லை.

ஊரில் எல்லா வீட்டிலும் சாவு. ஆனால் மற்றவர்கள் மரத்துக்கும் சுவருக்கும் பலியானவர்கள், அவர்களுக்காக அழுதார்கள். மீராமுகைதீனை ஏசினார்கள். ஆசியா உம்மா எங்கள் வேலியில் நின்று சொன்னதை இப்போதும் அதே குரலில் என்னால் சொல்ல முடியும்.

“ஊருக்கே ரேடியோ சொல்லிச்சு. ஒரு தோணி போகல்ல. இவன் மட்டும் காசு ஆசையில என்ட புள்ளையையும் இழுத்துக்கிட்டுப் போனான்.”

புருஷனை இழந்த றாஹிலா வெளியே வராமல் நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருந்தாள். உள்ளேயிருந்து, “இல்ல மாமி, எங்கட காக்கா கேட்டவரு. ரேடியோவில ஒண்டும் சொல்லல்ல” என்றாள். ஒருநாள் இல்லை, நாலு மாதமும் அதையே சொன்னாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். புருஷனின் பிழையை மூடக் காக்காவையும் பொய்யனாக்குகிறாள் என்றார்கள். மச்சானுடைய பெயர் நாறியது, தங்கையின் மானம் போனது. நான் கந்தோருக்குப் போய் வந்தேன். பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு இரவும் படுத்தேன். நான் எவ்வளவு பெரிய கோழை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஏப்ரலில், இத்தா முடிந்து ஒரு கிழமைக்குள், கந்தோரிலிருந்து வந்தபோது வாசலில் ஆசியா உம்மாவின் செருப்பு கிடந்தது. உள்ளே அவர் பாயில் இருந்தார். றாஹிலாவின் கையில் ஒரு அட்டை. பனி மூடிய மலைப் படம்.

“காக்கா, தபால்காரர் கந்தப்போடி அண்ணன் கொண்டாந்தாரு. நான் திகதியப் பாத்துட்டன். இருபத்துமூணு பதினொண்டு எழுபத்தெட்டு. அவர் போன நாள். இங்கிலீசில என்ன கிடக்கெண்டு கேட்டன். உங்கட அண்ணன் அண்டைக்கு விடியக் கேட்டது முழுக்கச் சரியெண்டு ரேடியோக்காரங்களே எழுதியிரிக்காங்க எண்டு சொன்னாரு.” அவள் முகத்தில் அத்தனை மாதங்களுக்குப் பிறகு உயிர் இருந்தது. “அதான் மாமியக் கூப்பிட்டன். வாசிங்க. மாமிக்கு விளங்கிற மாதிரி வாசிங்க.”

கந்தப்போடி பொய் சொல்லவில்லை. அட்டையில் அப்படித்தான் இருந்தது. நான் வாங்கி, தமிழில் வாசித்தேன்.

“அச்சிமுகம்மது அவர்களுக்கு. 1978 நவம்பர் 23ஆம் திகதி காலை ஆறு மணி தொடக்கம் ஆறு இருபது வரை நீங்கள் எங்கள் ஒலிபரப்பைக் கேட்டீர்கள் என்பதை உறுதி செய்கிறோம். உங்கள் அறிக்கை முற்றிலும் சரியானது.”

மேலே அச்சடித்திருந்த ஊரின் பெயர்மேல் என் பெருவிரல் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை.

ஆசியா உம்மா பாயில் இருந்தபடியே அட்டையை எட்டிப் பார்த்தார். “நானும் தேத்தண்ணிக் கடையில கேட்ட மாதிரித்தான் ஞாபகம்” என்றார் பிறகு, தனக்குள் சொல்வதுபோல. “புள்ள போன மயக்கத்தில பிறகு கேட்டதை முன்னுக்குக் கேட்டதா நினைச்சிட்டன் போல. எழுத்தில வந்திரிக்கே.” றாஹிலாவின் கையைப் பிடித்தார். “மாப்புத் தா மகள். மௌத்தாப்போன மனிசனை இத்தனை மாசம் ஏசிட்டன்.”

இரண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுதார்கள். உண்மையைச் சொன்னாலும் மச்சானின் பெயர் துலங்கும், பொய்யைச் சொன்னாலும் துலங்கும் என்று என் கிளாக்கர் புத்தி கணக்குப் போட்டது. அப்படியானால் எனக்கு நட்டமில்லாததைச் சொன்னால் என்ன என்றும் கேட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தன் காதையே நம்பாமல் ஆகிவிட்டாள் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

எழும்பிப் போகும்போது ஆசியா உம்மா என்னிடம் வந்தார்.

“தம்பி, அண்டைக்கு நீங்க கேட்டது சரிதானே?”

“ஓம் மாமி.”

என் தலையில் கையை வைத்தார். “அல்லா உங்கட காதுக்கு ஒரு குறையும் வைக்கப்படாது” என்றார்.

“ஆமீன்” என்றாள் றாஹிலா. நானும் ஆமீன் என்றேன்.