பெரியம்மாவின் இடது கை

தையல் கடையில் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த பெரியவருக்குக் காசநோய் என்று தெரிந்த நாளிலிருந்து, தையல்காரி தன் தங்கையின் குழந்தையைத் தொடவில்லை. அறை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. அவளுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனாலும் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. இந்த வயதில் பெரியம்மா ஆகியும் அந்தப் பச்சை மண்ணைத் தூக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்க, ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் இடது முன்கையில் தோலுக்குள் சோதனை மருந்து ஏற்றினாள். குட்டியாக ஒரு கொப்புளம் எழும்பியது. தேய்க்காதே, சொறியாதே, இரண்டு நாள் கழித்து வந்து காட்டு என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள்.

கேட்டாளா மகராசி? துணியில் எங்கே சுருக்கம் கண்டாலும் கட்டைவிரலால் நீவிவிடுகிற பழக்கம் அவளுக்கு. கனவில் முடிவே இல்லாத வெள்ளைத் துணி ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு மேடு. நீவ நீவ எழும்பியது. விழித்துப் பார்த்தால் முன்கை செக்கச்செவேல் என்று கிடந்தது. டேப் வைத்து அளந்தாள். சட்டைக் காலர் அகலம் இருந்தது. போச்சு, இனி குழந்தையை ஜென்மத்துக்கும் தொட முடியாது என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டியபோது நர்ஸ் திட்டித் தீர்த்தாள். பிறகு, "சிவப்ப விடுங்க. தடிப்புதான் கணக்கு," என்று விரலால் தடவிப் பார்த்து, இரண்டு பக்கமும் பேனாவால் கோடு போட்டு அளந்தாள். காலர் அகலம் சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்தது. ஆனால் அதுவே போதுமாம், கிருமி உள்ளே இருக்கிறது என்பதற்கு. எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் அவள் நெஞ்சு மேகமில்லாத இரவு வானம் போலத் தெளிவாக, அமைதியாக இருந்தது.

"டாக்டர் பார்த்துட்டாரு, நுரையீரல் சுத்தமா இருக்கு. கிருமி தூங்குதும்மா. இன்னும் நோயாகல. உங்ககிட்டருந்து யாருக்கும் ஒட்டாது," என்றாள் நர்ஸ்.

"குழந்தையத் தூக்கலாமா?"

"தாராளமா. மாத்திரைய மட்டும் விட்றாதீங்க."

தூங்குவதை மாத்திரை போட்டு எழுப்புவானேன் என்று இவள் இழுக்க, எழுப்புவதற்கு இல்லை, எழுந்திருக்கவே விடாமல் தடுக்கத்தான் என்றாள் நர்ஸ்.

வீட்டில் தங்கை குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். பேனாக் கோடுகளின் மேல் அந்தப் பிஞ்சுக் கன்னம் வெதுவெதுப்பாகப் படிந்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல், அப்படியே தாலாட்டுப் பாட ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்த தங்கை சிரித்தாள். "அது அப்பவே தூங்கிருச்சுக்கா. இன்னும் யாருக்குப் பாடுற?"

"இன்னொண்ணு எழுந்திரிக்காம இருக்கணும்ல," என்று சொல்லிவிட்டு, தையல்காரி குரலை இன்னும் தணித்துக்கொண்டு பாடினாள்.