எழுதிக் கொடுத்த நாலு வரி

மிளகு காயப்போடத் தார்ப்பாயை உதறி விரித்த யமுனாவுக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே கை ஒரு நிலையில் இல்லை. ஒரு கூடை அள்ளிக் கொட்டுவாள், ரோட்டோரம் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவாள், பரப்பினதையே மறுபடி பரப்புவாள். பக்கத்து வீட்டு ஜெயசுதா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தபடி நின்றாள். மிளகு கறுக்கிறதுக்கு முன்னால நீங்க கறுத்துருவீங்க போலிருக்குதுங்க அக்கா, நிழலுக்கு வாங்க என்று கேலி பண்ணினாள். யமுனா சிரித்தாளே தவிர நிழலுக்குப் போகவில்லை.

விஷயம் என்னவென்றால், முந்தின நாள் சாயங்காலம் அடிவாரத்திலிருந்து ஒரு போன் வந்திருந்தது. "கீர்த்தனா நாளைக்கு மேல வாரா, உங்களைப் பார்க்கணுமாம்" என்று ஒரு பொம்பளைக் குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. கீர்த்தனா யமுனாவின் ஒரே மகள். இருபது வயசு. முகத்தைப் பார்த்து இரண்டு வருசம் ஆகிறது. எதற்கு வருகிறாள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை பாருங்கள், பெற்ற மனசு அப்படி. மகள் வீட்டுக்கு வருகிறாள், அவ்வளவுதான் அவளுக்குக் காதில் விழுந்தது.

சாமைச் சோறு ஆக்கினாள். மொச்சைக் குழம்பு வைத்தாள். எல்லாவற்றுக்கும் முன்னால் உப்புப் போட்டு எலுமிச்சைத் தண்ணி கரைத்துச் சொம்பில் மூடி வைத்தாள். கீர்த்தனாவுக்குச் சின்னதிலிருந்தே மலைரோடு ஆகாது. அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறி மூணாவது வளைவு திரும்புகிறதுக்குள் அம்மா மடியில் தலையைச் சாய்த்துவிடுவாள். எழுபது வளைவும் ஏறி பஸ்ஸை விட்டு இறங்கினதும் இந்தத் தண்ணி ஒரு டம்ளர் உள்ளே போனால்தான் அந்தப் பிள்ளைக்கு உயிர் வரும்.

சரி, அம்மா மேலே, மகள் கீழே என்று எப்படி ஆனது? அதைச் சொல்லத்தான் வேண்டும்.

காளப்பநாயக்கன்பட்டி தாண்டி ஒரு மாந்தோப்புக்குள் தெளிவுக் குடில் என்று ஒன்று இருக்கிறது. அதன் தலைவரை எல்லோரும் மூத்தவர் என்றுதான் கூப்பிடுவார்கள். யமுனாவின் புருசன் மிளகு பறிக்கும்போது ஒற்றை மூங்கில் ஏணியிலிருந்து விழுந்து செத்தபோது, சொந்தக்காரர்கள் மூணாம் நாளே அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். குடில்காரர்கள் மட்டும் போகவில்லை. பாத்திரம் கழுவினார்கள், ஒன்பது வயசுக் கீர்த்தனாவுக்குத் தலை வாரிவிட்டார்கள், யமுனா அழுதபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் அப்படி ஒரு கை தோளில் விழுந்தால் யார்தான் கரைய மாட்டார்கள், சொல்லுங்கள். மகளைக் கூட்டிக்கொண்டு அடிவாரத்துக்கே குடிபோய்விட்டாள்.

முதல் ஆறு மாசம் தேனாக இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. மனசு சிதறுகிறது என்று போனை வாங்கி வைத்தார்கள். ஊரிலிருந்து வரும் கடுதாசியை முதலில் வேறொருவர் படித்தார். சந்தேகம் ஒரு நோய் என்றார்கள். தண்ணி குடிக்க, கொல்லைப் பக்கம் போக, எதற்கும் ஒரு மூத்த அக்காவிடம் அனுமதி கேட்க வேண்டும். சனிக்கிழமைதோறும் வட்டமாக உட்கார்ந்து, தன் மனசில் வந்த கெட்ட நினைப்பையும் பக்கத்திலிருப்பவரிடம் பார்த்த குறையையும் சொல்ல வேண்டும். யமுனா மகளைப் பற்றிச் சொன்னாள். மகள் யமுனாவைப் பற்றிச் சொன்னாள். அதற்குப் பெயர் தெளிவாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லியிருந்தால் அன்றைக்கே மூட்டையைக் கட்டியிருப்பாள். துளித்துளியாக வந்ததால் தெரியவில்லை.

இரண்டாம் வருசம் கட்டறுப்பு வந்தது. குடிலில் நிலைக்க வேண்டுமானால் பிறந்த வீட்டுக்குப் போய், எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு வர வேண்டும். யமுனாவும் இதே வாசலுக்கு வந்தாள். "இன்று முதல் உங்களுக்கும் எனக்கும் உறவில்லை" என்று ஒரு வரி. அவள் அப்பன் சின்னராசு கை நிறைய மிளகோடு நின்று கேட்டார். அழவில்லை, திட்டவில்லை.

"இதை யாரு கண்ணு எழுதிக் குடுத்தது?" என்று மட்டும் கேட்டார்.

மூத்தவர் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி அவளோடு வேனில் ஏறிக்கொண்டது.

வருசங்கள் போயின. ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு விட்டார்கள். மலையில் அப்பன் செத்துப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது என்றார்கள். உங்க மனசு சிதறக்கூடாதுன்னுதான் முன்னாடி சொல்லல என்றார்கள். அந்தச் சனிக்கிழமை வட்டத்தில் யமுனா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டாள். ஏன் எங்கிட்டச் சொல்லல? அவ்வளவுதான். ஒரு மாசம் குடிலில் நாற்பது பேரும் அவளோடு பேசவில்லை. எதிர்ப்பாயில் உட்கார்ந்து சாப்பிட்ட கீர்த்தனாவும் பேசவில்லை. அதுதான் தாங்கவில்லை. முப்பத்தோராம் நாள் விடிகாலையில் மகள் கையைப் பிடித்து வா கண்ணு போயிரலாம் என்றாள். மகள் கையை உருவிக்கொண்டாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. யமுனா தனியாக மலையேறினாள்.

அப்புறம் யமுனாவின் தம்பி இளங்கோ ஸ்டேஷனுக்கு அலைந்தான். மேஜர் பொண்ணு, விருப்பப்பட்டு இருக்குது, நாங்க என்னங்க பண்றது என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களையும் என்ன சொல்ல. பெற்றவள் பதினோரு தடவை மாந்தோப்பு கேட் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

தான் எப்படி இருந்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது மலைக்கு வந்த முதல் வாரத்தில்தான். குடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தம்பி பெண்டாட்டியிடம், தண்ணி குடிச்சுக்கட்டுங்களா என்று கேட்டாள். அந்தப் பெண் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். யமுனா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பது வயசுப் பொம்பளை, சொந்த வீட்டில், ஒரு வாய்த் தண்ணிக்கு. அன்றைக்கு யமுனா குடத்தடியிலேயே உட்கார்ந்து அழுதாள். ஆனால் வெட்கம் பிடுங்கியதால் குடிலைப் பற்றி எடப்புளி நாடு என்கிற அந்த மலைப்பகுதியில் ஒருத்தரிடமும் அவள் வாய் திறக்கவில்லை.

பத்து மணிக்கு வேன் வந்தது.

கீர்த்தனா இறங்கினாள். வெளிர் சாம்பல் நிறச் சேலை, முகம் வெளிறி உதடு காய்ந்திருந்தது. எழுபது வளைவும் அந்த முகத்தில் இருந்தது. கூடவே பூங்குழலி இறங்கினாள். யமுனாவுக்கே ஒரு காலத்தில் அனுமதி கொடுத்த மூத்த அக்கா அவள்தான். யமுனா ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொள்ளத்தான் நினைத்தாள். மகள் ஒரு அடி பின்னால் நகர்ந்ததும் கால் நின்றுவிட்டது. உள்ளே போய் எலுமிச்சைத் தண்ணியை டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். கீர்த்தனாவின் கை தானாக அதை வாங்கியது. வாங்கியவள் குடிக்கவில்லை, திரும்பிப் பூங்குழலியைப் பார்த்தாள். பூங்குழலி லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. கீர்த்தனா டம்ளரைத் தார்ப்பாய் ஓரத்தில் வைத்துவிட்டாள்.

குடத்தடியில் நின்ற தன்னையே எதிரில் நிறுத்திப் பார்க்கிற மாதிரி யமுனாவுக்கு இருந்தது.

கீர்த்தனா இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்துப் பிரித்தாள். அப்போதுதான் யமுனாவுக்கு விளங்கியது, எதற்காக வந்திருக்கிறாள் என்று. குரல் நடுங்காமல் கீர்த்தனா படித்தாள்.

"இந்த வீட்டில் பிறந்தேன், இந்த வீட்டுக்காகப் பிறக்கவில்லை. நீங்கள் போட்ட சோற்றுக்கு நன்றி. நீங்கள் காட்டிய பாசம் கயிறு, அதை உங்களிடமே திருப்பித் தருகிறேன். நீங்கள் அழுதால் அந்த அழுகை உங்களுடையது, எனக்கு அதில் பங்கில்லை."

நாலு வரியும் முடிந்தது. யமுனா தூணைப் பிடித்துக்கொண்டாள். அழக்கூடாது. அழுதால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கயிறு வீசினார்கள், நான் அசையாமல் நின்றேன் என்று சனிக்கிழமை வட்டத்தில் மகள் சொல்வாள். கெஞ்சினால் அது சோதனை. திட்டினால், பார்த்தாயா வெளியாட்களின் புத்தியை என்பார்கள். பேசாமல் நின்றால் கல் மனசு என்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் அடைத்து வைத்திருக்கிறார்கள். அடைத்த விதம் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி, ஒன்பது வருசம் அவளும் கூட நின்று அடைத்தவள்தானே. ஒரு வழி இல்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் இருந்தது, பத்து வருசத்துக்கு முன்னால் இதே வாசலில் அவளுக்குக் கிடைத்தது.

"இதை யாரு கண்ணு எழுதிக் குடுத்தது?"

கீர்த்தனா நிமிர்ந்து பார்த்தாள். படித்தபோது இல்லாத குரல் ஒன்று வந்தது, பழைய குரல், பள்ளிக்கூடப் பாடம் கேட்டால் பதில் சொல்கிற குரல்.

"நீதானம்மா எழுதிக் குடுத்தே. மறந்துட்டியா?"

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. உள்ளதைச் சொன்னாள். மகள் வாயில் கேட்டபோது அது தன் சொந்த வரி என்றே யமுனாவுக்கு உறைக்கவில்லை. பழைய கட்டறுப்பு வறட்சியாக இருக்கிறது, கேட்கிறவர்கள் மறுபேச்சுப் பேச முடியாதபடி மாற்றி எழுது என்று மூத்தவர் சொன்னபோது, பத்தாவது படித்த, கையெழுத்து அழகான யமுனா ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதிய நாலு வரி அது. சோற்றுக்கு நன்றி என்ற வரியை மூத்தவர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எத்தனை வீட்டு வாசலில் எத்தனை பிள்ளைகள் அதைப் படித்தார்களோ. மறுபேச்சுப் பேச முடியாதபடிதான் எழுதியிருந்தாள்.

நேரமாச்சு என்றாள் பூங்குழலி. வேன் கிளம்பிப் போய்விட்டது. மகள் திரும்பிப் பார்த்தாளா என்று யமுனாவுக்குத் தெரியாது, கண்ணில் தண்ணி மறைத்தது.

ஜெயசுதா அங்கேயேதான் நின்றிருந்தாள். அவள் புருசன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் எட்டு மாசமாகப் போனும் இல்லை, ஆளும் இல்லை. போன வாரம் குடில்காரர்கள் வந்து குழந்தையைக் கொஞ்சி, மூன்று நாள் முகாமுக்கு வந்தால் மனசு லேசாகும் என்று நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். அதைப் பற்றி அக்காவிடம் கேட்கத்தான் ஒரு வாரமாக அவள் வந்து வந்து நின்றாள். மடித்த நோட்டீஸ் இப்போதும் கையில் இருந்தது. யமுனா அதைப் பார்த்தாள். தெரிந்தும் தெரியாதது போல ஒரு வாரம் இருந்துவிட்டோமே என்று தோன்றியது.

"கீர்த்தனா வந்துருவாளுங்களா அக்கா?" என்றாள் ஜெயசுதா, வேறெதுவும் கேட்கத் தெரியாமல்.

"தெரியல கண்ணு. எங்கப்பன் கேட்ட கேள்வி எனக்கு உறைக்கவே எட்டு வருசமாச்சு."

யமுனா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு வருசமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"அவங்க உங்கிட்ட அன்பாத்தான் இருப்பாங்க. எங்கிட்டயும் இருந்தாங்க. நீ போகாதேன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்குது. போனீன்னா, முதல் நாளே ஒரு கேள்வி கேளு. என்ன கேள்வின்னாலும் சரி. பதில் சொன்னா உக்காரு. கேக்கறதே தப்புன்னு சொன்னா, செருப்பைக்கூடத் தேடாம எந்திரிச்சு வந்துரு. சாமி ஒரு நாளும் கேள்விக்குக் கோவிச்சுக்காது. கோவிச்சுக்கறவன் மனுசன்தான், அவன் சாமியை முன்னால நிறுத்தி ஒளிஞ்சுக்கறான்."

ஜெயசுதா குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். நோட்டீஸ் அவள் கையிலிருந்து எப்போது கீழே விழுந்தது என்று இருவரும் கவனிக்கவில்லை.

யமுனா தார்ப்பாய் ஓரத்திலிருந்த டம்ளரை எடுத்தாள். எலுமிச்சைத் தண்ணி ஒரு துளி குறையாமல் அப்படியே இருந்தது. கொட்ட மனசு வரவில்லை, ஒரு தட்டை எடுத்து மூடி வைத்தாள். வேன் இந்நேரம் இறங்க ஆரம்பித்திருக்கும். காரவள்ளி போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும், அது வரைக்கும் அந்தப் பிள்ளைக்குக் குமட்டிக்கொண்டே இருக்கும்.