எண்பத்தெட்டு டிகிரி முதல்வர்

வழக்கு பதிவான அன்று கல்லூரி முதல்வர் அறை எண்பத்தெட்டு டிகிரி திரும்பியிருந்தது. வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கட்டடம் கட்டிய இடத்தில் கட்டியபடியே இருந்தது. உள்ளேதான், மேசையையும் நாற்காலிகளையும் நடுவில் விட்டுவிட்டு, சுவர், கதவு, ஜன்னல், கடிகாரம், பழைய முதல்வர்களின் படங்கள் எல்லாம் பதினோரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்திருந்தன. முன்பெல்லாம் கதவைத் திறந்தால் நேர் எதிரே மேசையும், அதன் பின்னால் முதல்வரின் பெரிய நாற்காலியும் தெரியும். மேசையின் பக்கவாட்டில் போட்டிருந்த மர நாற்காலி ஓரமாகத் தெரியும். இப்போது மர நாற்காலி ஏறக்குறைய எதிரே வந்துவிட்டது. பெரிய நாற்காலி, கல்யாண வீட்டில் யாரும் கவனிக்காத தூரத்துச் சொந்தம் மாதிரி, ஓரத்தில் இருந்தது. ஆசிரியர்களுக்கு இது பழகிப்போன விஷயம். பீரோ இருக்கும் பக்கத்தை வருடா வருடம் புதிதாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கணக்கு ஆசிரியை. பழைய முதல்வர் ஓய்வு பெற்றபோது, மறு உத்தரவு வரும் வரை முதல்வர் பொறுப்பையும் கூடுதலாகக் கவனிக்கும்படி அவருக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்று மாதத்தில் யாராவது வந்துவிடுவார்கள் என்றார்கள். பொறுப்பில் இருப்பவர் முதல்வரின் நாற்காலியில் உட்காருவதில்லை என்பது அலுவலகங்களில் எழுதப்படாத மரியாதை. அதனால் கணக்குத் துறையிலிருந்து தன் நாற்காலியைத் தானே தூக்கி வந்து மேசைக்குப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டார். கையெழுத்துக்குக் கீழே 'முதல்வருக்காக' என்று எழுதினார். மறு உத்தரவு வரவில்லை. வருடத்துக்கு இரண்டு நினைவூட்டல் அனுப்பினார். பரிசீலனையில் உள்ளது என்று இரண்டு பதில் வந்தது. மாணவர்கள் அவருக்குப் பொறுப்பம்மா என்று பெயர் வைத்தார்கள். பிறகு காய்கறிக் கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அறை திரும்புவதை முதல் வருடமே அவர் கண்டுபிடித்துவிட்டார். கல்லூரி திறக்கும் நாளன்று, கரும்பலகைக்கு வைத்திருந்த பெரிய மரக் கோணமானியைக் கொண்டுவந்து அளந்து, ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தார். ஒரு வருடம் ஆறு டிகிரி, ஒரு வருடம் பத்து. அவர் முதுகுவலியால் அவதிப்பட்டு, வந்த கோப்பில் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்திக்கொண்ட வருடத்தில் அறை இருந்த இடத்திலேயே இருந்தது. நாலைந்து வருடம் பார்த்த பிறகு கணக்கு பிடிபட்டது. வேறு யாராக இருந்தாலும் 'நிரந்தர முதல்வர் வரட்டும்' என்று தள்ளிப்போட்டிருக்கக்கூடிய வேலையை அவர் எப்போதெல்லாம் துணிந்து செய்தாரோ, அப்போதெல்லாம் சுவர் நகர்ந்திருந்தது. ஒன்பது வருடம் சாவி தொலைந்துகிடந்த நூலக மாடியின் பூட்டை உடைத்த அன்று அளந்தபோது ஒன்றரை டிகிரி. தேதி முடிந்து நான்கு நாள் கழித்து வந்த ஒரு தச்சரின் மகளைச் சேர்த்துக்கொண்ட அன்று முக்கால் டிகிரி. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கணக்கு டீச்சர் இப்படியெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தார்.

அதே நோட்டின் முதல் பக்கத்தில் நாற்பத்தோரு பெயர்கள் இருந்தன. படிப்பை நிறுத்தி ஏழு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி தேர்வு எழுத முடியாது என்று கல்வி வாரியத்தில் ஒரு விதி உண்டு. கல்யாணம், பிரசவம், அப்பாவின் நோய் என்று பாதியில் போய், திரும்பி வந்து வாசலில் நின்று, இந்த விதியால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அந்த நாற்பத்தோரு பேர். ஒவ்வொருவரிடமும் முடியாது என்று சொன்ன வாய் அவருடையது. நாற்பத்திரண்டாவதாக ஒரு பெயர் பென்சிலில் எழுதியிருந்தது. கல்லூரியில் மணி அடிக்கும் மணியக்கா. மூன்று தாள் பாக்கி வைத்துவிட்டுக் குழந்தை பெறப் போனவள், திரும்பி வந்து மணியடிக்கும் வேலையில் சேர்ந்தாள். அவளுக்கு இந்த வருடத்தோடு ஏழு முடிகிறது. வாரியத்துக்கு முதல்வர்கள் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதியில் தேர்தல் வந்தபோது பொறுப்பம்மா வேட்புமனுப் போட்டது இந்த ஒரு விதிக்காகத்தான்.

அந்தத் தொகுதியில் மூன்று முறை ஜெயித்தவர் பக்கத்துக் கல்லூரி முதல்வர். பேச்சுக்குப் பேச்சு "நான் நிரந்தர முதல்வர்" என்று சொல்லிக்கொள்வதால் அவருக்கு நிரந்தரம் என்றே பெயர். கெட்டவர் இல்லை, போட்டி என்ற ஒன்று அவருக்குப் பழக்கமில்லை. பொறுப்பில் இருப்பவர் முதல்வர் ஆகமாட்டார், அவர் தேர்தலில் நிற்கத் தகுதியில்லை என்று வழக்குப் போட்டார். மூன்று ஆதாரம் கொடுத்தார். ஒன்று அந்தப் பழைய கடிதம். இரண்டு, 'முதல்வருக்காக' என்று போட்ட பதினோரு வருடக் கையெழுத்து. மூன்று, முதல்வர் நாற்காலியில் அவர் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை என்பது.

தையற்கடை வைத்திருந்த கணவர் நோட்டீஸைப் படித்துவிட்டு ஊசியை வாயிலிருந்து எடுத்தார். "மரியாதை மரியாதைன்னு பதினோரு வருஷமா அந்த நாற்காலிய விட்டு ஒதுங்கி உக்காந்தே. இப்ப அதையே தூக்கி உன் தலைல போட்டுட்டாங்க பாரு" என்றார். சொல்லிவிட்டு, நீதிமன்றத்துக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு புது ரவிக்கை வெட்ட உட்கார்ந்தார்.

பொறுப்பம்மாவுக்கு வாதாடிய வக்கீல் அவருடைய பழைய மாணவர். அறை திரும்பிய விஷயத்தைத்தான் அவர் முழுசாக நம்பியிருந்தார். அறையே இவரை முதல்வராக ஏற்றுக்கொண்டு எதிரே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது என்று வாதாடினார். எதிர்த்தரப்பு வக்கீல் அறை திரும்பியதை மறுக்கவில்லை. எவ்வளவு திரும்பியது என்று மட்டும் கேட்டார். பொறுப்பம்மா கூண்டில் நின்று எண்பத்தெட்டு என்றார். அப்படியானால் அவர் இன்னும் கதவுக்கு நேரே வரவில்லை, செங்கோணத்துக்கு இரண்டு டிகிரி குறைகிறது என்றார் அந்த வக்கீல். நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும் பழைய மாணவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ரவுண்டா தொண்ணூறுன்னு சொல்லியிருக்கலாமே மேடம்!"

"உனக்கு முப்பத்தாறு மார்க் வந்தப்ப ரவுண்டா நாப்பதுன்னு போட்டேனா?"

தீர்ப்புக்கு முன் அறையை நேரில் பார்க்க வேண்டும் என்று நீதிபதி ஒரு தேதி குறித்தார். தேர்வு விண்ணப்பங்களை வாரியத்துக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாளும் அதுதான் என்பது அவருக்குத் தெரியாது.

அன்று மூன்று மணிக்கு எல்லோரும் வந்தார்கள். நீதிபதி குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். நிரந்தரம் பழக்கதோஷத்தில் நேரே போய்ப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஓரத்தில் இருக்கிறோம் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. கோணமானியை வைத்து அளந்தார்கள். எண்பத்தெட்டுதான். ஒரு மயிரிழைகூடக் கூடுதல் இல்லை. பழைய மாணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது கதவு திறந்தது. மணியக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். கையில் விண்ணப்பம். இரண்டு முறை நிரப்பி, எதற்கு வீண் ஆசை என்று இரண்டு முறையும் கிழித்துப்போட்டு, மூன்றாவது முறை நிரப்பியது.

உள்ளே இருந்த கூட்டத்தைப் பார்த்ததும் விண்ணப்பத்தை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "நாளைக்கு வரட்டுமா மேடம்?" என்றாள். நாளை என்று ஒன்று இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"நாளைக்கு எதுக்கும்மா? இங்க குடு" என்று கை நீட்டினார் பொறுப்பம்மா.

விண்ணப்பத்தின் அடியில், இந்த வருடம் புதிதாகச் சேர்த்த வரியில், முதல்வரின் கையொப்பம் மட்டுமே ஏற்கப்படும், பிறர் அவருக்காக இடுவது செல்லாது என்று அச்சிட்டிருந்தது. பழைய மாணவர் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். வழக்கு நடக்கும்போது நீதிபதியின் கண்ணெதிரே முதல்வர் என்று கையெழுத்துப் போட்டால் அது ஆணவம். 'முதல்வருக்காக' என்று போட்டால் அந்தக் காகிதம் குப்பை. பொறுப்பம்மாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. நாற்பத்தோரு பேருக்காகத் தேர்தலில் நிற்கக் கிளம்பிவிட்டு, நாற்பத்திரண்டாவது ஆளை வாசலிலிருந்து திருப்பி அனுப்பினால் அந்தத் தேர்தலே எதற்கு என்று ஒரு கோபமும் வந்தது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே, பதினோரு வருடத்தில் முதல்முறையாக, 'முதல்வர்' என்று மட்டும் எழுதினார்.

சுவர் நகர்ந்தது. பெரிதாகச் சத்தமில்லை, கனமான பெட்டியை யாரோ பக்கத்து அறையில் இழுத்ததுபோல ஒரு சின்ன உறுமல். குடை சரிந்து விழுந்தது. நிலையைப் பிடித்திருந்த மணியக்கா நிலையோடு சேர்ந்து நான்கு விரற்கடை தள்ளி வந்து நின்றாள். நீதிபதி எழுந்து, கோணமானியைத் தானே வாங்கி, தரையில் மண்டியிட்டு அளந்தார். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

"உள்ள வரலாமா மேடம்?"

"வாங்க, வாங்க" என்றார் பொறுப்பம்மா, நேர் எதிரே உட்கார்ந்து.

தீர்ப்பு மூன்று வரிதான். அறைக்குள் நுழைந்தேன். எதிரே முதல்வர் இருந்தார். வழக்கு தள்ளுபடி. நிரந்தரம் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. தீர்ப்பு வந்த பிறகு கோணமானியை இரவல் வாங்கிப்போய்த் தன் அறையை அளந்து பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் அரை டிகிரிகூட நகரவில்லை. "அதத்தான் இத்தனை நாள் பெருமையா நெனச்சிட்டிருந்தேன்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கோணமானியைத் திருப்பிக் கொடுத்தார். தேர்தலில் அவர் தோற்றது ஒன்பது ஓட்டில். அதில் ஒன்று அவர் போட்டது என்று ஊரில் பேச்சு, அவர் மறுத்ததில்லை.

மணியக்கா மூன்று தாளிலும் தேறினாள். முடிவு வந்த அன்று அவள் அடித்த மணி நின்றபாடில்லை. மூன்றாவது பாடவேளையிலேயே கல்லூரி முழுக்க வீட்டுக்குப் போய்விட்டது, யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நிரந்தர உத்தரவு இன்னும் பரிசீலனையில் உள்ளது. பொறுப்பம்மா இன்னும் அதே மர நாற்காலியில்தான் உட்காருகிறார். இடுப்புக்கு அதுதான் ஒத்துவருகிறது என்கிறார். பெரிய நாற்காலியில், மறுபடி படிக்க வந்து விண்ணப்பத்தோடு காத்திருப்பவர்கள் உட்காருகிறார்கள். ஏழு வருட விதி வாரியத்தின் ஆறாவது கூட்டத்தில் நீக்கப்பட்டது. அந்த வாரம் நோட்டின் முதல் பக்கத்திலிருந்த எல்லோருக்கும் அவர் தன் கைப்பட எழுதிக் கடிதம் போட்டார்.

வாரியக் கூட்ட அரங்கில் புது உறுப்பினர் என்று அவருக்குக் கொடுத்தது நீள மேசையின் ஓரத்தில், கடைசி நாற்காலி. அவர் அதிலேயே உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது கூட்டம் முடிந்து தேநீர் கொண்டுவந்தவர் கதவைத் திறந்து, பழக்கத்தில் நேரே நடந்து, தட்டோடு மேசை முனையில் முட்டிக்கொண்டார். கதவுதான் அரையடி நகர்ந்திருந்தது. மூன்றாவது கூட்டத்திலிருந்து உள்ளே வந்ததும் அரையடி இடப்பக்கம் தள்ளி நடக்கப் பழகிக்கொண்டார். முதல் கோப்பையைப் பொறுப்பம்மாவுக்கே வைக்கிறார், அவர்தான் வழியில் முதலில் வருகிறார்.