தலையணைகளுக்கு நடுவே நின்ற புகை

அந்தக் கதவை மட்டும் இன்றைக்கு யாரும் திறந்துவிடக் கூடாது, திறந்தால் என்னிடம்தான் கேட்பார்கள், என்று நினைத்தபடி அவள் டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால், கட்டிலில், இரண்டு தலையணைகளுக்கும் நடுவே, அவள் கணவன் பதினோரு வருடமாக ஊதிய சிகரெட் புகை முழுவதும் திரும்பி வந்து சுவராக நின்றது. உயரம் நாலடி. மின்விசிறிக்கு அசையவில்லை. பொரித்த எண்ணெய் வாடை அடித்தது. தொட்டால் சர்க்கரை போல விரலில் நறநறத்தது.

கணவன் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில் வேலை பார்த்தான். கண்ணாடி அறைக்குள் பன்னிரண்டு மணி நேரம் ஒரே நாற்காலி. கைக்கெட்டும் தூரத்தில் பொரித்த தீனிப் பொட்டலங்கள், கலர் பாட்டில்கள், சிகரெட். ஒரு நாள் கட்டிலில் உடம்பு அவன் பேச்சைக் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை; பேசாமல் கழிந்த மூன்றாம் மாதம் புகை வந்தது. எடை தப்பாகக் காட்டினால் மேடையை விட்டுவிட்டு லாரியைச் சந்தேகிப்பது அவன் தொழில் பழக்கம். ஆகவே பிள்ளை இல்லாததற்கு அவளைப் பரிசோதனைக்கு அனுப்பினான். அவள் தனியாகப் போய், ஒரு குறையும் இல்லை என்ற தாளோடு திரும்பினாள். அதை மடித்துத் துணிகளுக்கு அடியில் வைத்தான். மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்ட பிறகுதான் அவனும் டாக்டரிடம் போனான். புகையைப் பற்றிச் சொன்னபோது டாக்டர் ஆச்சரியப்படவில்லை. "ரத்தக்குழாய் சுருங்கியிருக்கு, சர்க்கரையும் ஏறியிருக்கு. இது முதல்ல படுக்கையில தெரியும், அப்புறம் நெஞ்சுல தெரியும். சிகரெட்டை விடுங்க, நடங்க, சாப்பாட்டை மாத்துங்க" என்றார். அவன் நடந்தான். ஐந்து வாரத்தில் சுவர் ஒரு சாண் இறங்கியது. அவள் கட்டிலின் தலைப்பலகையில் பென்சிலால் கோடு போட்டு வைத்தாள்.

இன்று அவனுடைய பெரியம்மா வருகிறாள், பிள்ளை இல்லாததைப் பற்றி விசாரிக்க. மாமியார் சமையலறைக்குள் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"உன்கிட்டதான் குறைன்னு சொல்லிடும்மா. ஆம்பளை மானம். ஒரு வார்த்தைதானே?"

"சொன்னா அவருக்கு வேற பொண்ணு பாருன்னு பெரியம்மா கிளம்பிடுவாங்களே, அத்தை."

"அதை நான் பார்த்துக்கறேன்."

"எதை, பொண்ணையா?"

சமையலறை வாசலில் கணவன், நடைக்குப் போகும் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றான், நிமிரவில்லை. "ஒரே ஒரு தடவை சொல்லிடேன்" என்றான். அந்தச் சொல்லை நான் சொல்லிவிட்டால் இவன் இனி நடக்க வேண்டியதே இல்லை, என்று அவளுக்குத் தோன்றியது. நாற்காலி, பொட்டலம், பிறகு நெஞ்சு. உள்ளே புகை பென்சில் கோட்டைத் தாண்டி மறுபடி ஏறும் சத்தம், பால் பொங்குவது போல, மூவருக்கும் கேட்டது.

அழைப்பு மணி அடித்தது. அவள் வாசல் கதவைத் திறந்தாள். திரும்பி வந்து, யாரும் தடுக்கும் முன், படுக்கையறைக் கதவையும் திறந்தாள்.

பெரியம்மா எட்டிப் பார்த்தாள். "இவ்வளவுதானா? எங்க வீட்ல ஆளுயரம். உங்க பெரியப்பா கண்ணை மூடுற வரைக்கும் நின்னுச்சு" என்று கைப்பையைக் கட்டிலில், சுவருக்கு இந்தப் பக்கம் வைத்தாள். பிறகு அவளைப் பார்த்து, "சரி, குறை உன்கிட்டதானே?" என்று கேட்டாள். மாமியாரின் கண்கள் அவள் மேலேயே இருந்தன.

"இல்லைங்க" என்று குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, அவள் டம்ளர்களை எடுக்கப் போனாள்.