பத்தொன்பதாம் அத்தியாயத்துக்கு வந்த பின்னூட்டங்கள்

இரண்டாயிரத்து முந்நூறு வயதான எல்ஃப் இளவரசன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை பார்க்கிறான் என்பதை வாசகர்கள் எந்தச் சிரமமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கூர்மையான காதுகளை வைத்துக்கொண்டு அவன் எப்படி ஹெல்மெட் போடுகிறான் என்பதைத்தான் அவர்களால் ஏற்க முடியவில்லை. அதற்கு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு பின்னூட்டங்கள் வந்திருந்தன.

'பனிவேர்' என்ற புனைபெயரில் இதை எழுதியவளுக்கு நாற்பத்தாறு வயது. ஏழு தொகுதிகள் கொண்ட பழைய மாயக்கதை ஒன்றிலிருந்து எல்ஃப்கள் என்ற கூர்க்காது மாய இனத்தாரைக் கூட்டிவந்து, இந்தக் காலத்து நகரத்தில் ஐந்தாம் மாடியில் வாடகைக்குக் குடிவைத்து, ரசிகர்களுக்கான இணையதளம் ஒன்றில் நான்கு வருடமாகத் தொடராக எழுதிக்கொண்டிருந்தாள். பிழைப்புக்கு வேறு வேலை. லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் அவசர அழைப்பு மையம். எங்கோ ஒரு கட்டடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் யாராவது மணிப் பொத்தானை அழுத்தினால் அது இவள் காதில் ஒலிக்கும்.

"பயப்படாதீங்க. காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும். கதவைத் தொடாதீங்க. ஆள் கிளம்பிட்டாரு."

பதினொரு வருடமாக ஒரு நாளைக்கு முப்பது தடவை இதைச் சொன்னால் யாருக்கும் மனதில் ஒரு கொழுப்பு ஏறும். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அந்தக் கொழுப்பைத்தான் இறக்கிவைத்தாள். இளவரசன் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறான். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், காத்திருக்கச் சொல்கிறது. அவன் புன்னகைக்கிறான். மெல்லிய விரல்களால் உள்கதவை விலக்குகிறான், வெளிக்கதவின் கொக்கியைத் தூக்குகிறான், அடியில் தெரியும் ஒரு முழ அகல இடைவெளி வழியாகக் கீழ்த்தளத்துக்கு ஓர் இலை போல இறங்கிவிடுகிறான். கொக்கி எந்தப் பக்கம் இருக்கும் என்பது உள்பட எல்லாம் சரியாக எழுதியிருந்தாள். தொழில் தெரிந்தவள் எழுதினால் அப்படித்தான் வரும். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அப்படி இறங்குகிறவனின் முதுகுக்குப் பின்னால், லிஃப்டின் தரைக்கு அடியில், கட்டடத்தின் அடிவரைக்கும் வெறும் பள்ளம். தடுமாறி ஓரடி பின்னால் வைத்தால், அங்கே தளம் இல்லை. எல்ஃப் தடுமாறமாட்டான் என்பதால் இது கதைக்குத் தேவைப்படவில்லை.

வாசகர்கள் கொண்டாடினார்கள். 'கூர்க்காது' என்பவர், "தலைவா! நானா இருந்தா லிஃப்ட்லயே உக்காந்து அழுதிருப்பேன்" என்று எழுதினார். 'இலைநிழல்' பதினான்கு இதயங்கள் போட்டு, பதினைந்தாவதை உடைத்து வைத்தார். மூலக்காவலன் மட்டும் எண் போட்டு எழுதினார்.

மூலக்காவலனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏழு தொகுதிகளும் பிற்சேர்க்கைகளும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 'எனக்குத் தோன்றுகிறது' என்று அவர் எழுதியதே கிடையாது. 'மூலத்தின்படி' என்றுதான் தொடங்குவார். ஒவ்வொரு பின்னூட்டத்தையும் 'இத்துடன் இந்த விவாதம் முடிவடைகிறது' என்று முடிப்பார். அடுத்த பத்து நிமிடத்தில் அதே விவாதத்துக்கு அவரே திரும்பி வருவார். அவருக்கு இடம் கொடுக்கக்கூடாது என்பதற்காகவே அவள் ஏழு தொகுதிகளையும் மூன்று முறை படித்திருந்தாள். அப்படியும் மாதம் ஒரு முறை மாட்டிக்கொள்வாள்.

அன்று மதியம் மூன்றே கால் மணிக்கு, மேசை இழுப்பறைக்குள் ஒளித்துவைத்திருந்த கைப்பேசி மினுங்கியது. பணி நேரத்தில் கைப்பேசி கூடாது என்பது விதி. எல்லோரும் இழுப்பறையை ஒரு சாண் திறந்து வைத்திருப்பது வழக்கம்.

"ஆசிரியருக்கு," என்று தொடங்கியிருந்தார் மூலக்காவலன். "பத்தொன்பதாம் அத்தியாயத்தில் வரும் வெளியேற்றம் எல்ஃப் உடலமைப்புக்கு மட்டுமே சாத்தியம் என்ற தொனி இருக்கிறது. இது ஆதாரமற்றது. தற்செயலாக நான் இப்போது ஒரு லிஃப்டில் சிக்கியிருக்கிறேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண்மணி நாற்பது நிமிடம் காத்திருக்கச் சொன்னார். நான் காத்திருக்கும் மனிதன் அல்ல. தங்கள் விவரணையைச் சோதித்துப் பார்க்க இருக்கிறேன். முடிவு இங்கேயே தெரிவிக்கப்படும்."

அடுத்த வரியிலேயே கூர்க்காது குதித்துவிட்டார்: "சார் வேற லெவல்! வீடியோ போடுங்க சார்!"

அவள் இழுப்பறைக்கு மேல் குனிந்தாள். அந்த இணையதளம் பல நாட்டு வாசகர்கள் வந்துபோகும் இடம். இவர் எந்த ஊர், எந்தக் கட்டடம், எந்த நிறுவனத்தின் லிஃப்ட் என்று எதுவும் தெரியாது. அந்த ஒலிபெருக்கிப் பெண்மணி வேறொரு மையத்தில், வேறொரு இழுப்பறையை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இழுப்பறைக்குள்ளேயே கட்டைவிரலால் தட்டினாள். "ஐயா, அது கதை. கதவைத் தொடாதீர்கள். லிஃப்டுக்கு அடியில் பள்ளம் இருக்கும். லிஃப்ட் எந்த நேரமும் நகரலாம். உட்கார்ந்துகொள்ளுங்கள்."

"தம் எழுத்தை ஆசிரியரே நம்பவில்லை என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளவும்," என்று பதில் வந்தது. "உள்கதவு விலகிவிட்டது. எதிரில் சுவர். அடியில் இடைவெளி. தாங்கள் எழுதியபடியே ஒரு முழ அகலம். இந்த ஒரு விஷயத்தில் தங்களைப் பாராட்டலாம்."

நான்கு வருடத்தில் அவரிடமிருந்து வந்த முதல் பாராட்டு.

ஹெட்ஃபோனில் மணி ஒலித்தது.

"பயப்படாதீங்க, காத்து வந்துக்கிட்டேதான்..."

"நான் எங்கம்மா பயப்படறேன்? நான் பல் டாக்டர். மேல என் நாற்காலியில ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்காரு!"

"ஆள் கிளம்பிட்டாரு டாக்டர். கதவைத் தொடாதீங்க."

"அவரு வாயை மூடலாமா கூடாதான்னு யாராவது போய்ச் சொல்லணுமே?"

பல் டாக்டரை மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினாள். இப்போது உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். நான்கு வருடமாகக் காத்த ரகசியம்தான். போகட்டும். "நான் லிஃப்ட் அவசர உதவி மையத்தில் வேலை பார்க்கிறேன். பதினொரு வருடமாக. தயவுசெய்து நம்புங்கள்."

"ஆமா, நான் எல்ஃப் ராணி," என்றார் கூர்க்காது.

"நான் அந்த லிஃப்டே," என்றார் இலைநிழல், எட்டு இதயங்களுடன்.

மூலக்காவலன் நிதானமாக எழுதினார்: "வாதத்தில் தோற்பவர்கள் தங்கள் உத்தியோகத்தைச் சொல்வது வழக்கம். வெளிக்கதவின் கொக்கி தட்டுப்படுகிறது. காலணிகளைக் கழற்றிவிட்டேன்."

காலணிகளைக் கழற்றிவிட்டார். அவள் இழுப்பறையை முழுக்கத் திறந்து கைப்பேசியை வெளியே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள்.

"மேடம்," என்று பின்னால் ஒரு குரல். மேற்பார்வையாளர். சுவரில் தொங்கும் 'ஒவ்வோர் அழைப்பும் ஓர் உறவு' என்ற வாசகம் அவருடைய சொந்தப் படைப்பு. அதன் கீழே நின்று புகைப்படமும் எடுத்துக்கொண்டிருக்கிறார். "இது என்ன மேடம், மேஜை மேல?"

பக்கத்து இருக்கைக்காரி திரும்பாமலே சொன்னாள்: "அவங்க வீட்டுக்காரர் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாராம் சார். வெளியூர்ல."

மேற்பார்வையாளர் முகம் இறுகியது. "நம்ம லிஃப்ட்டா?"

"இல்ல சார். வேற கம்பெனி."

"ஓ." அவர் முகத்தில் பரவிய நிம்மதி ஏறக்குறைய ஆனந்தம். "எவ்வளவு நேரம் ஆகும்னாங்க?"

"நாப்பது நிமிஷம்," என்றாள் அவள்.

"நாப்பதா! நாம இருபத்தஞ்சுல போய்டுவோம். பேசுங்க மேடம், தாராளமா பேசுங்க. உறவு முக்கியம்." துள்ளாத குறையாகப் போனார்.

பக்கத்து இருக்கைக்காரி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். "யாருக்கா அது நிஜமா?"

"என் கதையைப் படிக்கிறவர்."

"நல்லா எழுதறீங்கன்னு சொல்றாரா?"

"நாலு வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல. இப்பதான், சாகப்போற நேரத்துல."

"அப்ப வீட்டுக்காரர்னு சொன்னது ஒண்ணும் தப்பில்ல." திரையைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. "செருப்பைக் கழட்டிட்டாராமே! ஏதாவது சொல்லுங்கக்கா!"

"எதைச் சொன்னாலும் கேக்கமாட்டார். அவருக்கு நான் தப்புன்னு நிரூபிக்கணும், அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. எச்சரிக்கைக்கோ கெஞ்சலுக்கோ, பதினொரு வருட அனுபவத்துக்கோ அசையாத மனிதர், ஒன்றே ஒன்றுக்காக எந்த வேலையையும் அப்படியே போட்டுவிட்டு வருவார். மூலத்தைப் பற்றிய ஒரு தப்பு. அதை அவர் தன்னிடம் பார்த்துவிடக்கூடாது என்றுதான் இவள் ஏழு தொகுதிகளை மூன்று முறை படித்தாள்.

தட்டினாள். "அது இருக்கட்டும். இளவரசன் வடக்குக் குலத்தாய்க்குப் பிறந்தவன். வடக்குக் குலத்தாருக்கே இப்படி இறங்க முடியும். உங்களால் முடியாது."

இளவரசனின் தாய் தெற்குக் குலம். இணையதளத்தில் நேற்று சேர்ந்தவருக்குக்கூடத் தெரியும்.

பிறகு அவர் பெயருக்குக் கீழே மூன்று புள்ளிகள் துடிக்க ஆரம்பித்தன. எழுதுகிறார். எழுதுகிறவரின் இரண்டு கையும் கைப்பேசியில் இருக்கும், கொக்கியில் இருக்காது.

அதற்குள் கூர்க்காது மூக்கை நுழைத்தார்: "தெற்குக் குலம். இரண்டாம் தொகுதி. இதுகூடத் தெரியாதா பனிவேர்?"

பாவி, ஒரே வரியில் முடித்துவிட்டானே என்று அவளுக்குப் பதறியது. பதறியிருக்கத் தேவையில்லை. இன்னொருவர் சொன்ன சரியான பதிலால் திருப்தி அடைகிற ஆள் இல்லை மூலக்காவலன். இரண்டாம் தொகுதியை மேற்கோள் காட்டியது போதாது, ஐந்தாம் தொகுதியின் வம்சாவளிப் பட்டியலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று நான்கு பத்திகள் எழுதினார். மணி மூன்று இருபத்தெட்டு.

"வம்சாவளிப் பட்டியல் ஆறாம் தொகுதியில் இருக்கிறது," என்று போட்டாள்.

மூன்று புள்ளிகள்.

தவறுகளுக்கும் ஓர் அளவு வேண்டும் என்று அவளுக்குச் சீக்கிரமே புரிந்தது. ரொம்பப் பெரிதாக இருந்தால் வேண்டுமென்றே சொல்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவார். ரொம்பச் சின்னதாக இருந்தால் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டுக் கொக்கிக்குத் திரும்பிவிடுவார். பாதி சரியாக, பாதி திமிராக இருக்கவேண்டும். வெள்ளி வாயிலுக்கு ஒன்பது படிகள் என்றாள், மூலத்தில் ஏழு. எல்ஃப்களின் மூத்த அரசர் இரும்பைத் தொட்டதே இல்லை என்றாள். நான்காம் தொகுதியில் ஒரு முறை தொடுகிறார், கையுறையோடு. கையுறை கணக்கில் வருமா வராதா என்பதில் இலைநிழலும் கலந்துகொண்டார். நடுநடுவே ஹெட்ஃபோன் ஒலித்தது. "பயப்படாதீங்க, காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும்" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, கட்டைவிரல் மூத்த அரசருக்கு இல்லாத ஒரு தங்கையைப் பெற்றுக்கொண்டிருந்தது.

அதற்குத்தான் அவர் கொதித்தார். "இது எல்லை மீறல்! இதற்கு மூன்று குறிப்புகளில் பதிலளிக்கிறேன்." முதல் குறிப்பு வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது இப்படி வந்தது:

"மூன்றாவதாக, மூத்த அரசருக்கு உடன்பிறந்தோர் எவரும் இல்லை என்பதை ஏழாம் தொகுதியின் இறுதிச் சடங்கில்"

அவ்வளவுதான். முற்றுப்புள்ளி இல்லாமல் அவர் ஒரு நாளும் எழுதியவர் இல்லை.

மணி மூன்று நாற்பத்தொன்பது. மூன்று புள்ளிகள் இல்லை. "சடங்கில் என்ன ஐயா? சொல்லுங்கள்," என்று எழுதினாள். "என்னிடம் இன்னொரு ஆதாரம் இருக்கிறது," என்று எழுதினாள். "இரண்டு தங்கைகள்," என்று எழுதினாள். ஒன்றுக்கும் அசைவில்லை.

"சார் தோத்துட்டார் டோய்," என்றார் கூர்க்காது.

"பேட்டரி தீர்ந்திருக்கும்கா," என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. "மெக்கானிக் வந்திருப்பாரு." இரண்டையும் நம்பத்தான் அவளும் பார்த்தாள். பாதி வாக்கியத்தில் எழுந்து போகிறவரா அவர்? ஒருவேளை இவள் எழுதிய அந்தத் தங்கைகளைப் பார்த்து விஷயம் புரிந்து, கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு அந்த இடைவெளியில் காலை விட்டிருந்தால்? அவள் விரல் தானாகப் போய்ப் பத்தொன்பதாம் அத்தியாயத்தை அழித்தது; பின்னூட்டங்கள் மட்டும் மிஞ்சின. அதில் என்ன பிரயோசனம் என்று அவளுக்கே தெரியவில்லை. படிக்கவேண்டியவர் படித்தாகிவிட்டது.

அழித்தது எதற்கு என்று கேட்டு அரை மணியில் அறுபத்தேழு பின்னூட்டங்கள். எழுத்துச் சுதந்திரம் பற்றி ஒருவர் தனிக் கட்டுரையே எழுதினார். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒரே ஒரு பெயரை மட்டும் தேடினாள். இடையில் யாரோ ஒருவரிடம் "காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும்" என்று சொல்லும்போது குரல் உடைந்து, அந்த ஆள் பயந்துபோய், "ஏம்மா, நிஜமா வருமா?" என்று கேட்டார்.

நான்கரை மணிக்கு வந்தது.

"ஆசிரியருக்கு. ஒன்று: என் மூன்றாம் குறிப்பு பாதியில் நின்றதற்குச் சான்று இல்லாமை காரணம் அல்ல. அதை எழுதும்போது லிஃப்ட் திடீரெனக் குலுங்கி, அரை மாடி அளவு தானாகவே மேலேறியது. நான் முன்பு குறிப்பிட்ட இடைவெளி அடியோடு மூடிக்கொண்டது. கைப்பேசி விழுந்து அணைந்துவிட்டது. இரண்டு: பின்னர் மெக்கானிக் வந்து கதவைத் திறந்தார். மூலம் பற்றி அவருக்கும் எதுவும் தெரியவில்லை. மூன்று: நான் இரண்டே நிமிடத்தில் வெளியேறியிருப்பேன். ஆசிரியரின் அறியாமையைத் திருத்த வேண்டியிருந்ததால் முக்கால் மணி நேரம் உள்ளேயே அடைபட நேர்ந்தது. மூத்த அரசருக்குத் தங்கை கிடையாது. நடந்ததற்கு ஆசிரியர் பகிரங்கமாக வருத்தம் தெரிவிக்க வேண்டும். இத்துடன் இந்த விவாதம் முடிவடைகிறது."

முதல் குறிப்பை அவள் இரண்டு தடவை படித்தாள். 'அடியோடு மூடிக்கொண்டது' என்ற இடத்தில் இரண்டு தடவையும் நின்றாள்.

அதற்குள் கீழே கூட்டம் சேர்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இருபது பேர். கேட்கக்கூடாது, எழுத்தாளர் தலைவணங்கக்கூடாது என்று பதினைந்து பேர். உங்களால்தான் இன்று ஒரு மனிதர் உயிரோடு வீட்டுக்குப் போகிறார் என்று அவளிடம் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அவள் சொல்லியிருக்கலாம். இரண்டே வரிதான். ஆனால் அதற்கு அவர் ஐந்து குறிப்புகளில் மறுப்பு எழுதுவார், எழுதி முடிக்கும்போது, அடுத்த முறை பனிவேர் என்ன தப்பு சொன்னாலும் நம்பக்கூடாது என்பதைக் கற்றுக்கொண்டிருப்பார். உலகத்தில் எத்தனையோ லிஃப்ட்கள் இருக்கின்றன.

"ஐயா சொல்வதே சரி," என்று எழுதினாள். "மூத்த அரசருக்குத் தங்கை இல்லை. தவறு முழுக்க என்னுடையது. வருந்துகிறேன்."