மாறி வந்த சக்கரங்கள்

"சக்கரத்தை எல்லாம் ஏத்திவிடுங்க மாமா, நான் கடையில மாத்திட்டு வந்துடறேன். நீங்க எதுக்கு?"

"சேர்ந்தே போவோம்டா. ரெண்டு பேர் தூக்கினா சுலபம்."

மச்சான் கொஞ்ச நேரம் டயரையே தட்டிக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "வேண்டாம் விடுங்க. ஒரு ஸ்பேசர் போட்டா முடிஞ்சுது."

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன். ஸ்பேசரா? இவன் வாயிலிருந்தா?

என் மனைவியின் தம்பி அவன். ஞாயிற்றுக்கிழமை சேற்றுப் பந்தயம். ஜீப்பை ஓட்டுவது நான்; பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வது அவன். கண்ணாடி முழுக்கச் சேறு அப்பி, எதிரே ஒன்றுமே தெரியாதபோது அவன் "லெஃப்ட்" என்றால் நான் ஒடிப்பேன். பள்ளமா மேடா என்று யோசித்ததே இல்லை. அப்படியும் வருஷா வருஷம் கடைசிச் சுற்றில் வழுக்கி, கோப்பையைப் புல்டோசரிடம் விட்டுவிட்டு வருகிறோம். புல்டோசர் என்பது ஓர் ஆள். மண் அள்ளும் இயந்திரங்களை வாடகைக்கு விடுபவர். உடம்பும் தொழிலுக்குப் பொருத்தமாகவே இருக்கும். இந்த முறை அவரை விடக் கூடாது என்றுதான் பெரிய டயருக்கு மாறினோம்.

பெரிய டயர் வாங்கினால் மட்டும் போதாது, அதை மாட்டும் வட்டின் ஆஃப்செட் சரியாக இருக்க வேண்டும். வட்டு அச்சோடு சேரும் முகம் அதன் நடுக்கோட்டிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற கணக்கு அது. தப்பினால் டயர் உள்ளே ஒடுங்கி ஸ்பிரிங்கைச் சுரண்டும். இல்லையென்றால் வெளியே பிதுங்கி மட்கார்டைக் கடிக்கும். மச்சான் இதில் புலி. முன் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கியால் அச்சை ஏற்றி இறக்கி, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒடித்து, இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் ஆர்டர் கொடுத்தான்.

அப்படி அளந்து வாங்கிய சக்கரம், ஒடித்தால் உள்ளே கர்ரென்று உரசுகிறது.

ஸ்பேசர் என்பது சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே வைக்கும் கனமான வில்லை. சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளும். அதைப் போட்ட வண்டி எதிரே வந்தால் இவன் விடமாட்டான். "செருப்புக்குள்ள அட்டையைச் சொருகிக்கிட்டு உயரமா நிக்கிறான் பாருங்க மாமா" என்பான்.

டீ கொண்டுவந்த என் மனைவி, "அவன் சொல்றதைத்தான் கேளுங்களேன்" என்றாள். தம்பியின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

அவன் ஸ்பேசர் வாங்கக் கிளம்பினான். நான் பக்கத்துப் பட்டறை வேனைக் கேட்டு வாங்கி, சக்கரங்களை ஏற்றிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் டயர் அடுக்குக்கு நடுவிலிருந்து தலையை நீட்டினார். "வாங்க வாங்க! இப்பதான் புல்டோசர் யார்டுலேர்ந்தும் கத்தல். சக்கரம் வெளியே துருத்திக்கிட்டு நிக்குதாம். ரெண்டு செட்டும் ஒண்ணா வந்துச்சா, ஆளுங்க மாத்தி ஏத்திட்டாங்க. டயரும் ஒண்ணு, போல்ட்டும் ஒண்ணு. அவரு வண்டி அச்சு அகலம், உங்களது குறுகல், அதனால ஆஃப்செட் மட்டும் வேற. எவன் திருப்பிப் பாக்குறான்?"

"அவர் வண்டிக்கு அளந்தது யாரு?"

"நல்லா கேட்டீங்க! உங்க மச்சான்தான். ஞாயித்துக்கிழமை அந்த வண்டிய ஓட்டப்போற ஆளு அளக்காம வேற யாரு அளப்பா?" சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவர் குரலை இறக்கினார். "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமே" என்றேன். சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

புல்டோசர் யார்டில், என் சக்கரங்களை மாட்டிக்கொண்டு அவருடைய வண்டி நின்றிருந்தது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தச் செருப்பு என் வீட்டு வாசலில் தினமும் கிடப்பது.

"ஸ்பேசர் கிடைச்சுதா மாப்ள?"

மச்சான் மெல்ல வெளியே வந்தான். "மாமா... நானே சொல்லலாம்னு இருந்தேன்."

"எப்போ?"

நாற்காலியில் சாய்ந்திருந்த புல்டோசர் பல்லைக் குத்திக்கொண்டே பதில் சொன்னார். "ஞாயித்துக்கிழமை காலையிலதான் தம்பி. முன்னாடியே தெரிஞ்சா நீங்க வேற ஆளைப் பிடிச்சிடுவீங்கல்ல?"

வழி சொல்ல ஆள் இல்லாத வண்டியைப் பந்தயக் கோட்டைத் தாண்டவே விடமாட்டார்கள். அதுதான் விதி. ஆக, என்னை ஜெயிப்பதுகூட இவர்கள் திட்டமில்லை. என்னைக் கிளம்பவே விடாமல் செய்வதுதான் திட்டம்.

"ஓட்டணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா சிரிப்பீங்க. ஊரே என்னை 'மாமாவோட வாய்'னுதான் கூப்பிடுது. எனக்கும் ரெண்டு கை இருக்கு மாமா."

"போறேன்னு சொல்லியிருந்தா, நானே வந்து உன் வண்டிக்கு ஜாக்கி போட்டிருப்பேன். அத்தனை பேர் முன்னாடி கோட்டுல நிக்க வெச்சுட்டுப் போகப் பார்த்தியே!"

தலையைக் குனிந்தான். பிறகு, திட்டில் பாதியை வேறு யாராவது வாங்கிக்கொண்டால் தேவலை என்பதுபோல, "அக்காவுக்கும் தெரியும்" என்றான்.

சக்கரங்களை மாற்றிக்கொண்டேன். அவன் உதவ வந்தான், கையைத் தட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தனியாகவே நான்கையும் மாட்டினேன். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்தேன். சின்னச் சத்தம்கூட இல்லை. எந்தப் பக்கம் விட்டுப் பார்த்தாலும் விரல் தாராளமாகப் போய்வந்தது. ஓடவே விடப்போவதில்லை என்று முடிவுகட்டிய வண்டிக்கு எதற்கு இவ்வளவு துல்லியமாக அளந்தான்? அரைகுறையாக அளந்திருந்தால் அவனைத் திட்டுவதாவது சுலபமாக இருந்திருக்கும்.

ஷெட் கதவருகே மனைவி வந்து நின்றாள்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"டயர் ஆர்டர் கொடுத்தப்பவே. சொன்னா நீங்க சண்டைக்குப் போவீங்க. அவனும் ஒரு ஆளா நிக்க வேண்டாமாங்க?"

"நிக்கட்டும். ஞாயித்துக்கிழமை காலையிலதான் சொல்லப்போறான்னும் தெரியுமா?"

புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "தெரியும்."

அவள் அழவில்லை, அழுதிருந்தால் நானும் கொஞ்சம் இறங்கியிருப்பேன். உள்ளே வந்து, ஜீப்பின் இடப்பக்கக் கதவைத் திறந்தாள்.

"நான் உக்காரட்டுமா? வழி சொல்றதுதானே? ரெண்டு நாள்ல கத்துக்கறேன். நீங்க பந்தயத்தை விட வேண்டாம்."

ஆசையாகத்தான் கேட்டாள். அதில் பொய் இல்லை.

"நீ லெஃப்ட்னு சொன்னா, நான் ரைட்ல ஒரு தடவை பார்த்துக்குவேன்" என்றேன். "சேத்துல அப்படி ஓட்ட முடியாது."

திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றாள். நான் போனை எடுத்துப் பந்தயம் நடத்துபவர்களைக் கூப்பிட்டு, என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன்.

"என்ன சார் இது, கடைசி நேரத்துல! வண்டியில ஏதாவது கோளாறா?"

"வண்டி நல்லா இருக்கு" என்றேன்.

கையெல்லாம் கிரீஸ். துடைக்கத் துணி தேடினேன். அவள் ஒன்றை எடுத்து நீட்டினாள். நான் சட்டையிலேயே துடைத்துக்கொண்டேன்.