ஒகுரே ஓடையின் கடைசிச் சோடி

2008 மார்ச் 11 அன்று, நைஜீரியாவின் வாரி நகருக்குக் கிழக்கே, ஒகுரே ஓடைக்கு அடியில் சென்ற எண்ணெய்க் குழாய் வெடித்தது.

நான்காம் நாள் ஓடையில் மீன் இல்லை. உயிரியல் ஆசிரியை ஒமோவிகோவின் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மட்டும் ஒரு சோடி இருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவள் அங்கிருந்து பிடித்துவந்த குட்டைச் சிக்லிட் மீன்கள். அவற்றின் வயிற்றுச் சிவப்பு வேறெந்த ஓடை மீனுக்கும் கிடையாது. குஞ்சுகளில் பெண் வேண்டும்; இல்லாவிட்டால் இனம் இத்தோடு சரி.

தேங்காய்ச் சிரட்டையில் வாசல் வெட்டித் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்தாள். மழைத்தண்ணீர் சேர்ந்தால்தான் இவை முட்டையிடும். அதில் லேசாக அமிலப் புளிப்பு இருக்கலாம். புளிப்பு மிஞ்சினால் குஞ்சுகள் ஆணாகவே வளரும். கூரையிலிருந்து பிடித்த முதல் வாளியில் பள்ளி ஆய்வகத்து அமிலச் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. வீண் எரிவாயுவை எரித்து, அந்தப் புகையால் மழையைப் புளிக்கவைக்கும் கோபுரம் விபத்துக்குப் பின் அணைந்திருந்த வாரம் அது.

மறுவாரம் கோபுரம் மீண்டும் எரிந்தது. பகலிலேயே சுவர்கள் சிவந்தன.

அவள் தொட்டியில் மழைத்தண்ணீர் ஊற்றுவதை, கூரைத் தகரம் மாற்ற வந்த முகோரோ மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன டீச்சர், மறுபடியும் குளிப்பாட்டா? மிளகு சூப்புல போட்டா பல்லுல ஒட்டக்கூடக் காணாது, அதுக்கு இம்புட்டு உபசாரமா?"

"உன் பொண்டாட்டி மாசமா இருந்தப்ப நீ செய்யாத உபசாரம்தான். வேலையப் பாருய்யா."

"வேலையத்தான் சொல்றேன். இது போட்டு மூணு வருசம் ஆகல." தகரத்தில் விரலை ஊன்றினான். விரல் மறுபக்கம் வந்தது. "மழை தின்னுருச்சு. இந்தத் தண்ணியவா ஊத்துறீங்க?"

"சோதிச்சுட்டேன்."

"எப்போ?"

சோதனைத் தாள் தீர்ந்து பத்து நாளாகியிருந்தது. தொட்டியில் பெண்மீன், பழுத்த எண்ணெய்ப்பனம்பழமாய்ச் சிவந்த வயிற்றை வளைத்து, ஆணின் முன் துடித்துக்கொண்டிருந்தது. இப்போது மழைத்தண்ணீரை நிறுத்தினால் முட்டையிடுவது கெட்டுவிடும் என்று பயந்தாள். துணியில் கரி வைத்துத் தண்ணீரை வடிகட்டி ஊற்றினாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் பெண்மீன் சிரட்டைக்குள் புகுந்து வாசலை மணலால் அடைத்துக்கொண்டது. பத்து நாள் கழித்துக் குஞ்சுகளோடு வெளியே வந்தது.

"பெத்துக்கிச்சா?" என்றான் மறுபடி வந்திருந்த முகோரோ. "பேரு வைக்கக் கூப்பிடுங்க டீச்சர்." சொல்லிவிட்டுப் புதுத் தகரத்தை அண்ணாந்து பார்த்தான். அதில் அதற்குள் கறுப்புக் கோடுகள் இறங்கியிருந்தன.

மே மாதம் தாய்மீன் செத்தது.

ஆகஸ்ட் 20 அன்று ஒமோவிகோ குஞ்சுகளை ஒவ்வொன்றாக வலையில் எடுத்துச் சோதித்தாள். முப்பத்தேழு இருந்தன. எல்லாம் ஆண்.